காய்ச்சல் கண்டவளின் பால்

அன்பு மகள் பிலோவுக்கு,

நம் மாதா உன் கட்டிலின் பக்கத்திலும் உன் பிள்ளையின் தொட்டில் பக்கத்திலும் இருக்கட்டும். இங்கே நானும் உன் அப்பாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுத இந்த வருடம் கை வரவில்லை.

மாப்பிள்ளை கொழும்பிலிருந்து எழுதிய கடிதம் நேற்றுக் கிடைத்தது. கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து உனக்குப் பிள்ளை பிறந்ததை இன்னும் தெருவில் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் இப்படி ஒரு கடிதம். ஆஸ்பத்திரியில் இருந்தவரை நர்ஸ் திட்டித் திட்டி உன்னைப் பால் கொடுக்க வைத்தாளாம். வீட்டுக்கு வந்த பிறகு நீ அவனைத் தொடவே மாட்டேன் என்கிறாயாம். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கதவோரம் நின்று எட்டிப் பார்க்கிறாயாம். உன் மாமியார் டின் பாலைக் கரைத்துப் பாலாடையில் ஊற்றுகிறாராம், குடித்ததில் பாதியை அவன் கக்கிவிடுகிறானாம், பிறந்தபோது இருந்த கன்னம் இப்போது இல்லையாம். கேட்டதற்கு, “எந்தம்பி சூசையைக் கொன்ன உடம்பு இது. இதுல ஊறுறதை எப்பிடி அவனுக்குக் குடுக்க?” என்று நீ சொன்னதாக எழுதியிருக்கிறார். அந்த வரியை நான் உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. படித்துக் காட்டாமல் விட்டதை அவர் கண்டுபிடித்துவிட்டார், அது வேறு.

கப்பலுக்கு டிக்கெட் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம்தான் இடம் இருக்கிறதாம். ஆனால் பால் டிக்கெட்டுக்குக் காத்திருக்காது. பிரசவ வார்டில் வேலை பார்த்தே என் ஆயுசில் பாதி போயிருக்கிறது. பிள்ளை வாய் வைக்காத மார்பு எத்தனை சீக்கிரம் வற்றும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதனால் நாளைக் காலை கொழும்புக்குப் போகும் தோணியில் நம் பக்கத்து வீட்டுக்காரர் போகிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். நீளமாகத்தான் எழுதப் போகிறேன். சுருக்கமாகச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். சிறு பிள்ளையில் உனக்கு ஒரு வாய் பாகற்காய் ஊட்டுவதென்றால்கூட ஏன், எதற்கு என்று முழுக்கதையும் சொல்ல வேண்டியிருந்தது. இப்போதும் அப்படியே செய்கிறேன், பொறுமையாகப் படி.

முதலில் நீ கேட்கப் பயப்படுகிற கேள்விக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு நீ வந்து இறங்கியபோதே உனக்குத் தடுமன் இருந்தது. கண் சிவந்திருந்தது. கப்பல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றாய், நானும் சரி என்று வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். மறுநாளே காய்ச்சலாய்ப் படுத்தாய். அப்போது ஊரில் வேறு யாருக்கும் இல்லையா என்றால், இருந்தது. சண்டை முடிந்து திரும்பிய பட்டாளத்துக்காரர்கள், கப்பல்காரர்கள், பாதி பேர் இருமிக்கொண்டுதான் துறைமுகத்தில் இறங்கினார்கள். நம் வீட்டுக்கு அது உன்னோடுதான் வந்ததா என்றால், அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உன்னோடு வந்திருக்கத்தான் வழி அதிகம். இல்லவே இல்லை என்று சத்தியம் செய்து உன்னைத் தேற்ற எனக்கு இஷ்டமில்லை. பொய் சொன்னால் உனக்குத் தெரிந்துவிடும், அப்புறம் நான் சொல்லப் போகிற உண்மையையும் நீ நம்ப மாட்டாய்.

சூசையைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்த பிறகு நான் எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவை விடவில்லை. ஒரே வீடு, ஒரே கஞ்சி, ஒரே காய்ச்சல். வயிற்றில் பிள்ளையோடு இருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள், கடலுக்கடியில் சங்கு பொறுக்குகிற என் மகன் போனான், இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். வார்டில் வேலை நடக்கும்போதெல்லாம் கேட்டேன். பாவம், அவரும் சலிக்காமல் சொன்னார். சில நாள் புரிந்தது, சில நாள் அழுகையில் ஒன்றும் காதில் ஏறவில்லை. புரிந்த மட்டும் உனக்கு எழுதுகிறேன்.

இருமுகிறவர், தும்முகிறவர் மூச்சோடு வந்து நம் மூக்கிலும் தொண்டையிலும் உட்காருகிற கிருமி அது. மற்ற கிருமிகளைவிடச் சிறியது, ஆஸ்பத்திரிப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தாலும் தெரியாது, வைரஸ் என்று பெயர் என்றார். தனியாகப் பெருக அதனால் முடியாது. மூச்சுக்குழலின் உள்தோலில் இருக்கிற அணுக்களுக்குள் நுழைந்து, அவற்றைக் கொண்டே தன்னைப் போல இன்னும் பலவற்றைச் செய்துகொள்ளும். உடம்புக்கு அது புதுமுகம். யார் எவர் என்று தெரியாது. ஆனாலும் உடம்பு கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன, சூடு ஏறுகிறது, சளி பெருகுகிறது. நாம் நோய் என்று பயப்படுகிற காய்ச்சலும் உடம்புவலியும் பாதிக்கு மேல் உடம்பே போடுகிற சண்டைதானாம். அந்தச் சண்டை நடக்கும்போதே ரத்தம் அந்த வைரஸை அடையாளம் கற்றுக்கொள்கிறது. அதற்கென்றே பொருந்துகிற எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அதற்கு ஒரு வாரமோ கூடக்கொஞ்சமோ ஆகும். ஒரு தரம் கற்றுக்கொண்டால் சுலபத்தில் மறக்காது. அதே காய்ச்சல் மறுபடி வந்தால் வாசலிலேயே மடக்கிவிடப் பார்க்கும். எனக்கு இந்தத் தடவை லேசான தொண்டைக்கட்டோடு போனதற்கு அதுதான் காரணமாக இருக்கலாம் என்றார். இதே ஜாதிக் காய்ச்சல் என் இளவயதில் எனக்கு வந்திருக்கிறது.

“அப்ப எம்மவன் உடம்பு கத்துக்கிடலியா?” என்று கேட்டேன்.

“கத்துக்கிட்டிருந்ததும்மா. பாதிக்கு மேல கத்துக்கிட்டிருந்தது. வைரஸை அது ஜெயிச்சிருக்கும். அவனை எடுத்தது அதுக்குப் பின்னால வந்தது” என்றார்.

இதை நீ நன்றாகப் படி, பிலோ. வேண்டுமானால் இரண்டு தரம் படி.

அந்த நாட்களில் நடந்ததை நீ பாதி மயக்கத்தில் பார்த்தாய், அதனால் உனக்குத் தோன்றியபடி முடிச்சுப் போட்டுக்கொண்டாய். நான் சொல்கிறேன். உனக்குக் காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோது என் கண் முழுதும் உன் மேல்தான் இருந்தது. ஆறு மாதக் கர்ப்பிணிக்கு இந்தக் காய்ச்சல் எவ்வளவு பொல்லாதது என்று எனக்குத் தெரியும். சூசைக்கும் வந்தது. அவன் குசினிப் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டு கிடந்தான். கிடந்தபடியே உன்னைக் கேலி செய்தான். “எக்கா, கொழும்புல இருந்து எனக்குச் சட்டைத்துணி கொண்டாருவன்னு பாத்தா காய்ச்சலக் கொண்டாந்திருக்க” என்றான். அதைத்தான் நீ இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாக வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அவன் குற்றம் சொல்லவில்லை, பிலோ. அவன் பேச்சே அப்படித்தான். துணி அவன் பெட்டியில் இருந்தது. நீ வந்த அன்றைக்கே கொடுத்துவிட்டாய், அவன் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அப்படிப் பேசினான்.

நாலைந்து நாளில் அவனுக்குக் காய்ச்சல் விட்டது. சங்குக் குளிப்பு நடக்கிற பருவம், கடல் தெளிந்து கிடந்தது. மற்ற தோணிகளெல்லாம் போய் வருகின்றன. அவனால் பாயில் கிடக்க முடியவில்லை. நம் குளியாள்களுக்கு ஒரு வழக்கம் உண்டல்லவா, உடம்புக்கு வந்து எழுந்தவன் மறுபடி கடலுக்குப் போகலாமா என்று பார்க்க, அண்டாவில் தண்ணீர் நிரப்பி முகத்தை முக்கித் தம் பிடிக்கச் சொல்வார்கள். பழைய அளவுக்குத் தம் நின்றால் ஆள் தேறிவிட்டான் என்று அர்த்தம். உன் அப்பா அண்டாவை முற்றத்தில் வைத்தார். தோணியில் சூசைக்குக் கயிறு பிடிக்கிறவர் அவர்தானே, அவன் மூச்சின் அளவு அவருக்குத்தான் தெரியும். நீயும் அன்றைக்குத்தான் முதல்முதலாக எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாய். அவன் முகத்தை முக்கினான். நின்றான், நின்றான், நின்றுகொண்டே இருந்தான். உன் அப்பா சிரித்துவிட்டார். தலையைத் தூக்கித் தண்ணீர் சொட்டச் சொட்ட, “எக்கா, பாத்தியா, நெஞ்சு கெட்டியாத்தான் கெடக்கு” என்றான். நீ கை தட்டினாய். நான் குசினி வாசலில் நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் விடியும்போது தோணி ஏறினான். மத்தியானம் கரைக்கு வரும்போது பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டு வந்தான். சாயங்காலம் சளியில் ரத்தம் தெரிந்தது. டாக்டரம்மா வந்து முதுகில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு நிமோனியா என்றார். சல்ஃபா மாத்திரை கொடுத்தார். பென்சிலின் என்று ஒரு ஊசி வந்திருக்கிறது, மதுரையில் கேட்டுப் பார்க்கலாம் என்று ஆள் அனுப்பினோம். ஆள் திரும்பி வந்தபோது நாம் வீட்டில் செபம் சொல்லிக்கொண்டிருந்தோம். இதற்குமேல் அந்த நாளைப் பற்றி எழுத என்னால் முடியாது. உனக்கும் அது வேண்டாம்.

அந்தத் தம் நின்றதே, அது எப்படி என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்னது இதுதான். தம் நிற்பது பழக்கத்தால் நிற்பது. வருடக்கணக்காகப் பழகிய நெஞ்சு, நாலைந்து நாள் காய்ச்சலில் அது போகாது. ஆனால் உள்ளே மூச்சுக்குழலின் தோல் உரிந்து பச்சைப் புண்ணாகக் கிடந்திருக்கிறது. கடலடிப் பாறை கீறிய முழங்காலோடு ஒருத்தன் வந்து நின்றால், ஆறட்டும் என்று நாமே அவனை உட்கார வைப்போம். இது வெளியே தெரியாத கீறல். சாதாரண நாளில் நம் தொண்டையில் சும்மா இருந்துவிட்டுப் போகிற வேறு கிருமிகள், அந்தப் புண் வழியே நுரையீரலுக்கு இறங்கிவிட்டன. வைரஸோடு சண்டை போட்டு ஓய்ந்துபோன உடம்பு, குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கி ஏறி இன்னும் ஓய்ந்து, இரண்டாவது சண்டைக்கு எழுந்திருக்கவில்லை. படுக்கையில் இன்னொரு வாரம் கிடந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டேன். “பிழைச்சிருக்கலாம். கிடந்தும் போனவங்க உண்டும்மா” என்றார். அந்த அம்மாள் எனக்காகக்கூடப் பொய் சொல்லவில்லை. அதனால்தான் அவர் சொன்ன மற்றதையும் நான் நம்புகிறேன்.

நீ படுத்துக் கிடந்தாய், நான் உன்னை எழுந்திருக்க விடவில்லை, உன் புண் ஆறியது. நீ பிழைத்ததில் உன் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, அவன் போனதில் உன் பாவமும் இல்லை. ஒரு காய்ச்சலைச் சுமந்து வந்தவள் நீ. யாரிடமிருந்தோ உனக்கு வந்தது, அந்த யாருக்கும் இன்னொருவரிடமிருந்து வந்தது. அந்த வரிசையின் முதல் ஆளை எங்கே போய்த் தேடுவது? தேடிப் பிடித்து என்ன செய்வது? அண்டாவை நிரப்பியவரை நான் என்ன செய்ய? அவர் என் பக்கத்தில்தான் இருக்கிறார், கஞ்சி ஊற்றினால் குடிக்கிறார், ஊற்றாவிட்டால் கேட்பதில்லை. கோபப்பட எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. யார் மேல் கோபப்பட்டாலும் அந்த ஆள் என் வீட்டு ஆளாக இருக்கிறார், அதுதான் கஷ்டம்.

அழுகிறாயா? அழு. நானும் அழுதுகொண்டுதான் எழுதுகிறேன், மை கரைந்த இடத்தில் ஊகித்துப் படித்துக்கொள்.

இனி உன் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். அந்த வைரஸ் உன் உடம்பில் இப்போது இல்லை. காய்ச்சல் போய் இத்தனை மாதமாகிறது. உன் மூச்சில் இல்லை, ரத்தத்தில் இல்லை, பாலில் இல்லை. அது போய்விட்டது, ஆனால் அதோடு சண்டை போட்டுக் கற்றுக்கொண்டது உன்னிடம் இருக்கிறது. வயிற்றில் இருந்தபோதே அந்த எதிர்ப்பொருளில் கொஞ்சம் தொப்புள்கொடி வழியாக உன் பிள்ளைக்குப் போயிருக்கும் என்கிறார் டாக்டரம்மா. பாலிலும் இருக்கிறதாம், முதல் முதலில் சுரக்கிற சீம்பாலில் நிறைய. நர்ஸ் திட்டிக் கொடுக்க வைத்தாள் பார், அவளுக்கு என் சார்பில் ஒரு கும்பிடு போடு. புதிதாகப் பிறந்தவனுக்கு எல்லாமே புதுமுகம். அவன் உடம்பு சொந்தமாகக் கற்றுக்கொள்ள நாளாகும். அதுவரை அவனுக்கு உன் உடம்பு கற்ற பாடம்தான் உதவி. நீ விஷம் என்று நினைத்து அவனுக்கு எட்டாமல் வைத்திருக்கிறாயே, அது அவனுக்கு நீ கட்டுகிற காப்பு, பெண்ணே. டின் பாலில் அது கிடையாது.

அதற்காக இனி அவனுக்கு ஒன்றுமே வராது என்று சொல்ல மாட்டேன். அடுத்த வருடம் இதே காய்ச்சல் வேறு சட்டை மாட்டிக்கொண்டு வரலாம் என்கிறார்கள், அம்மை இருக்கிறது, கக்குவான் இருக்கிறது. பிள்ளை வளர்ப்பதே பயந்துகொண்டு செய்கிற வேலைதான். முதல் உலகச் சண்டை முடிகிற சமயத்தில் ஒரு பெருங்காய்ச்சல் வந்ததே, அப்போது நீ கைப்பிள்ளை. நான் பிதற்றிக்கொண்டு கிடந்தேன். தெருவில் பிணம் தூக்க ஆள் இல்லை. தாய்க்குக் காய்ச்சல், பிள்ளையைக் கிட்டே கொண்டுபோகாதே என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். உன் அப்பா ஒருவர் பேச்சையும் கேட்கவில்லை. நீ அழும்போதெல்லாம் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டார், குடித்ததும் தூக்கிக்கொண்டு போனார். எங்கள் இருவருக்கும் வைரஸும் தெரியாது எதிர்ப்பொருளும் தெரியாது. உனக்குப் பசி, எனக்குப் பால் இருந்தது, அவ்வளவுதான் தெரியும். உனக்கு ஒன்றும் வரவில்லை. அது என் பாலாலா, மாதாவாலா, வெறும் அதிர்ஷ்டமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் உன்னைப் பட்டினி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தெரியும்.

பிள்ளைக்குச் சூசை என்று பெயர் வைக்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டிருக்கிறார். நல்ல மனதோடுதான் கேட்கிறார், ஆனால் வேண்டாம். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் நீ இவன் முகத்தில் அவனைத் தேடுவாய். இவன் சிரித்தால் அவன் சிரிக்கவில்லையே என்று இருக்கும். வேறு புனிதர்களா இல்லை? இவன் இவனாகவே வளரட்டும். என் மகனுக்கு நான் இருக்கிறேன், அவனை நான் நினைத்துக்கொள்கிறேன்.

மார்பு கட்டியிருந்தால் வெந்நீரில் துணியை நனைத்து ஒற்று. பால் வரவில்லை என்று உடனே விட்டுவிடாதே. வாய் வைக்க வைக்க ஊறும், நின்றுபோன பாலைக்கூட நான் எத்தனையோ பேருக்குத் திருப்பியிருக்கிறேன். பூண்டு சுட்டுச் சாப்பிடு. கொழும்பில் பால்சுறா கிடைக்கும், புட்டு அவித்துத் தரச் சொல்லி உன் மாமியாரிடம் கேள். அவருக்குச் சுறா நாற்றம் பிடிக்காது என்று தெரியும், என் பெயரைச் சொல்லு, நான் வந்து சமாதானம் பேசிக்கொள்கிறேன். வாயை மூடுகிற அந்த முந்தானையை எடு. அவன் உன் முகத்தை இன்னும் முழுதாகப் பார்க்கவே இல்லை.

இவ்வளவும் எழுதி முடித்தபோது உன் அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சூசை போன பிறகு அவர் துறைமுகப் பக்கமே போகவில்லை, உனக்குத் தெரியும். யாரோடும் அதிகம் பேசுவதும் இல்லை. “பிலோவுக்கா எழுதுத?” என்றார். ஆமாம் என்றேன். 

“நான் சொல்லுததையும் எழுது, ஏளா” என்றார். “அவ அழுதுக்கிட்டே குடுத்தாலும் பிள்ளைக்கு அது பாலுதான்.”

எழுதிவிட்டேன். இனி இதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காதே. போய் அவனைத் தூக்கு.

உன் அம்மா